ஃப்ரிட்ஜில் வைத்த கற்கள்

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைத் துணியை எண்பது அடுக்காக மேசைமேல் விரித்து, மின்சாரக் கத்தியால் கையையும் காலரையும் வெட்டித் தள்ளுகிற வேலை அவளுடையது. பெயர் வந்ததற்கு அது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் நாக்கு. முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சொன்னதைத் திரும்ப வாங்குகிற பழக்கமும் கிடையாது.

அன்றைக்குக் காலைத் தேநீர் இடைவேளையில் வெண்ணெய் தடவிய ரொட்டியும் இரண்டு முட்டையும் தின்றிருந்தாள். பதினொரு மணிக்கு இடது கைப்பகுதியை வெட்டிக்கொண்டிருந்தபோது வலது விலா எலும்புக்குக் கீழே யாரோ உள்ளே கையை விட்டுப் பிசைவதுபோல் பிடித்தது. மூன்று மாதமாக இந்த வலி வந்து போய்க்கொண்டிருந்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்து ஓட்டியிருந்தாள். இந்த முறை சோடாவுக்கு அடங்குகிற வலி இல்லை. விலாவில் தொடங்கி முதுகுக்குப் போய், வலது தோள்பட்டையில் ஆணி அடித்தது. கத்தி கோட்டை விட்டு விலகி ஒரு சாண் உள்ளே போய்விட்டது. அந்த நிலையிலும் முதலில் மெஷினை அணைத்தாள். பிறகு இரும்பு வலைக் கையுறையோடு அப்படியே மேசைக்கடியில் உட்கார்ந்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். அவளை நோக்கி இல்லை, துணியை நோக்கி.

"எண்பது கை! எண்பது சட்டைக்கு இடது கை போச்சு. என்ன கண்ணை மூடிட்டா வெட்டினே?"

"வலிக்குது சார்."

"எனக்கும்தான் வலிக்குது, இதைப் பார்த்து."

"சட்டைக்குக் கை போனதுக்கு இப்படிக் கத்துறீங்களே, என் கை போயிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"லீவு கொடுத்திருப்பேன்" என்றார் அவர். கேலியாகச் சொல்கிறாரா நிஜமாகவே சொல்கிறாரா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. மறுநாள் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டரம்மா பருத்த உடம்புக்காரர். சிரிக்கிற பழக்கம் இல்லாதவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பித்தப்பையில ஒன்பது கல் இருக்கு. பையோட எடுத்துடலாம்."

"கல்லை மட்டும் எடுக்க முடியாதா?"

"எடுத்தா அந்தப் பை இன்னும் ஒன்பது பண்ணும். அதுக்கு அது ஒண்ணுதான் இப்பத் தெரிஞ்ச வேலை."

"பை இல்லாம எப்படிச் சீரணமாகும்?"

"பித்தத்தைச் சுரக்கிறது ஈரல். பை சும்மா சேர்த்து வைக்கிற இடம். அது இல்லேன்னா பித்தம் நேரே குடலுக்குப் போகும். கொஞ்ச நாள் வயிறு முன்னபின்ன இருக்கும், அப்புறம் பழகிடும்."

"கரைக்கிற மாத்திரை இருக்குன்னு சொல்றாங்களே?"

"இருக்கு. சின்னக் கல்லா இருந்தா, அதுவும் கொழுப்புக் கல்லா இருந்தா, ஒண்ணு ரெண்டு வருஷம் தினம் முழுங்கணும். நிறுத்தினா திரும்ப வரும். உங்க கல்லு பெரிசு. எண்ணெய், வெண்ணெய், பொரிச்சது எல்லாத்தையும் குறைச்சா வலி வர்றது குறையும். கல்லு குறையாது. ஆபரேஷன்னா வயித்தில நாலு சின்ன ஓட்டை. ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஆனா ரெண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது." நிமிர்ந்து பார்த்தார். "காய்ச்சல், குளிர், கண்ணு மஞ்சளானா நாள் பார்க்காம ஓடி வரணும். புரியுதா?"

புரிந்தது. ஆனால் துணி உருளையைத் தூக்காமல் வெட்டு மேசையில் வேலை இல்லை. மேனேஜரிடம் இரண்டு வார லீவு கேட்டபோது, "தாராளமா போ. வரும்போது மேசையில வேற ஆள் நிப்பான்" என்றார். பதினாலு வருடம் தைத்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டி, படிப்படியாக ஏறி அவள் அந்த மேசையை அடைந்திருந்தாள். ஆண்கள் மட்டுமே நின்ற இடம் அது. ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டாள். வெந்த காயும் வறட்டு ரொட்டியுமாக நாளை ஓட்டினாள். மூன்று வாரத்தில் பாவாடை இடுப்பில் நிற்காமல் சரிந்தது. வலி மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத்தான் போயிற்று.

வீட்டு நிலவரம் இதைவிட மோசம். மாடியில் அவளும் கணவனும் இருந்தார்கள். கீழே அவள் மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், மனைவியோடு இருந்தார். வாசல் பக்கத்து அறையில் அவர் இயற்கை மருத்துவக் கடை வைத்திருந்தார். எந்தப் பள்ளியிலும் படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஆனால் குரல் இருந்தது. ஆழமான, அவசரப்படாத குரல். அந்தக் குரலைக் கேட்டாலே பாதி நோய் போய்விட்டதாக ஜனங்கள் சொன்னார்கள்.

அவருக்கும் அவளுக்கும் ஒரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கால் விரல் கறுத்துப்போன சர்க்கரை நோயாளி ஒருவர் அவருடைய எண்ணெய்க்காகக் கடைப்படியில் காத்திருந்தார். வேலைக்குக் கிளம்பிய கத்திரி அந்த விரலைப் பார்த்துவிட்டு, "ஐயா, இங்க உட்கார்ந்தீங்கன்னா காலே போயிடும், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் எழுந்து போய்விட்டார். கடை வாசலிலேயே தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று மூத்தார் எள்ளும் கொள்ளுமாக வெடித்தார். அதற்குப் பிறகு அவள் எதிரே நின்றாலும் தம்பியைப் பார்த்துத்தான் பேசுவார். "உன் பொண்டாட்டியைக் கதவைச் சாத்திட்டுப் போகச் சொல்லு." அவளும் சளைக்கவில்லை. "உங்க அண்ணனை விளக்கை அணைக்கச் சொல்லுங்க." வேன் ஓட்டிக் களைத்து வருகிற கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன் ஆனான்.

அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்த அன்றைக்கே மூத்தார் தம்பியிடம் சொல்லி அனுப்பினார். "ஒரு நாள் எண்ணெய் வைத்தியம். கல்லு எல்லாம் கீழ வந்துடும். உன் பொண்டாட்டிக்கு இஷ்டம் இருந்தாச் சொல்லு."

"இஷ்டம் இல்லேன்னு சொல்லுங்க" என்றாள்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்த வலி அவளை அடுப்படித் தரையில் புரட்டிப் போட்டது. பச்சைத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. ஊசி போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு கணவன் சுவரில் சாய்ந்து அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"ஆபரேஷனும் மாட்டேங்கிறே. அண்ணன் வைத்தியமும் மாட்டேங்கிறே. நான் என்னதான் பண்றது? ஒரே ஒரு தடவை, எனக்காகக் குடி. அதுக்கும் வலி அடங்காட்டி அப்புறம் உன் இஷ்டம்."

உடம்பில் சத்து இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். இல்லை. தலையை ஆட்டினாள்.

மூத்தார் மாடி ஏறி வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளைப் பார்த்தே பேசினார். அந்த முகத்தில் கனிவும் இருந்தது, ஜெயித்த களையும் இருந்தது. பகலெல்லாம் பட்டினி, பேதி உப்பு, சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர் எண்ணெயில் எலுமிச்சைச் சாற்றைக் கலக்கி ஒரே மூச்சில் குடிக்கவேண்டும். குடித்தாள். குடலே கழன்று வெளியே வருவதுபோல் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் கக்கூஸில் பார்த்தால், கடலை அளவிலும் கோலி அளவிலும் பச்சை உருண்டைகள் மிதந்தன. அவளே குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

மூத்தார் முகம் சுளிக்காமல் அவற்றை அலசி எண்ணினார். முப்பத்திநாலு. "ஆஸ்பத்திரிக்காரன் ஒன்பதுன்னான். பார்த்தியா, அவனுக்கு எண்ணக்கூடத் தெரியலை" என்றார். உருண்டைகள் ஒரு கண்ணாடிச் சீசாவுக்குள் போயின. சீசா கடையில் பழச்சாறு வைக்கிற கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் உட்கார்ந்தது. மேலே ஒரு சீட்டு: 'கத்தியின்றி வெளிவந்தவை. சொந்தத் தம்பி மனைவி.'

வலியும் நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். கத்திரிக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது. வலி போனதில் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சீசாவைக் கடந்து போகிறபோதெல்லாம் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் எரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் நம்பாவிட்டால் மூத்தார் மேலே கை காட்டுவார். "மாடியிலதான் இருக்கா. நீங்களே போய்க் கேளுங்க."

அப்படி மேலே வந்தவர்களில் அடுத்த தெரு ஜெராக்ஸ் கடைக்காரியும் ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, கடையே கதி. அவளுக்கும் பித்தப்பைக் கல். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வாசலிலேயே நின்று, மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருப்போமா என்கிற பயத்தை ஒளிக்கத் தெரியாமல் கேட்டாள்.

"நிஜமாவே வந்துச்சா அக்கா?"

"வந்துச்சு. முப்பத்திநாலு."

"இப்ப வலி?"

"இல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். ஆனால் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரியா இருக்கும்க்கா, நீங்க யாருக்கும் பூசி மெழுகிப் பேச மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றபோதும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே பிற்பாடு விளங்கவில்லை. தோற்றுப்போனதை ஒரு தடவையாவது மரியாதையாக ஒப்புக்கொள்வோம் என்று நினைத்தாளோ என்னவோ.

ஐந்தாவது வாரம் உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. தொழிற்சாலையில் கை கழுவுகிற இடத்தில் பட்டன் தைக்கிறவள் அவள் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "அக்கா, கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு!" வீட்டுக்கு வருவதற்குள் குளிர் ஜுரம் பல்லைத் தட்டியது. கணவன் வேனை எடுக்கும்போது மூத்தார் வாசலில் குறுக்கே நின்றார்.

"இது நல்ல அறிகுறிடா. விஷம் வெளியேறுது. இப்பப் போய் ஊசி போட்டுக் கெடுத்துடாதே."

"வழி விடுண்ணே."

"சொல்றதைக் கேளு."

"கேட்டுக் கேட்டுத்தான் இவ மஞ்சளா உட்கார்ந்திருக்கா. வழி விடு, இல்லேன்னா ஏத்திடுவேன்."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாதவன். ஜுரத்தின் நடுவிலும் கத்திரி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மாவுக்கு அவளை நினைவிருந்தது. "தேதி கொடுத்தேன், வரலை. இப்ப மஞ்சள் பூசிக்கிட்டு வந்திருக்கீங்க." ஸ்கேனில் எட்டுக் கல் பையில் அப்படியே இருந்தன. ஒன்பதாவது கீழே இறங்கிப் பித்தக் குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. அதில் கிருமியும் சேர்ந்துவிட்டது.

"எட்டு எப்படி இருக்கும்? முப்பத்திநாலு வெளிய வந்துச்சே" என்று கத்திரி முனகினாள். கணவன் தன் போனில் இருந்த சீசாப் படத்தைக் காட்டினான்.

டாக்டரம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "இதை எங்க வெச்சிருக்காங்க?"

"ஃப்ரிட்ஜில."

"ஏன் ஃப்ரிட்ஜில?"

கணவன் திரும்பிக் கத்திரியைப் பார்த்தான்.

"வெளிய வெச்சா உருகிடும், அதான். நீங்க குடிச்ச எண்ணெயும் எலுமிச்சையும் குடலுக்குள்ள சேர்ந்து கட்டிக்கிட்டது அது. ஒரு வகைச் சோப்பு. கல்லே இல்லாதவன் குடிச்சாலும் வரும், நான் குடிச்சாலும் வரும்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கு இடையில வலி இல்லாம இருந்தது வைத்தியத்தால இல்லை. இந்த வலி வரும், போகும். அதுதான் அதோட குணம்."

கத்திரி கண்ணை மூடிக்கொண்டாள். சீசா நினைவுக்கு வரவில்லை. வாசலில் நின்ற ஜெராக்ஸ் கடைக்காரியின் கைதான் நினைவுக்கு வந்தது.

முதலில் ஜுரத்துக்கு மருந்து ஏற்றினார்கள். மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தக் குழாயில் சிக்கிய கல்லை எடுத்தார்கள். மஞ்சள் இறங்கிய பிறகு, நான்கு நாள் கழித்து, நான்கு ஓட்டை போட்டுப் பையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றுக்குள் ஊதிய காற்றால் அப்படித்தான் இருக்கும், எழுந்து நடந்தால் போய்விடும் என்றாள் நர்ஸ். நடந்தாள், போய்விட்டது. கிளம்புகிற அன்று ஒரு குட்டி டப்பாவில் ஒன்பது கற்களையும் போட்டுக் கொடுத்தார்கள். பழுப்பு நிறம், பட்டை தீட்டியதுபோல் மூலைகள். ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்டது.

வீட்டில் பத்து நாள் படுத்திருந்தாள். பதினோராவது நாள் காலை பத்து மணிக்கு, கடையில் நாலைந்து பேர் காத்திருக்கிற நேரம் பார்த்து, கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி இறங்கினாள். நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து சீசாவை எடுத்தாள்.

மூத்தார் எழுந்தார். பழக்க தோஷம், தம்பி இல்லாததால் சுவரைப் பார்த்தே பேசினார். "அதைக் கீழ வைக்கச் சொல்லு."

"சுவருக்குக் காது கேட்காது அத்தான். என்கிட்டயே பேசுங்க. கல்லை எதுக்கு ஃப்ரிட்ஜில வைக்கிறீங்க? கல்லு ஊசிப்போயிடுமா?"

காத்திருந்த ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். மூத்தார் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"அக்கா, ரெண்டு டம்ளர் சுடுதண்ணி கொடுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் கத்திரி. உள்ளே இருந்தது அவள் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி. இருபது வருடமாக அந்தக் கடையைப் பெருக்கித் துடைத்தவள், கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

கத்திரி கையோடு கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, ஒரு டம்ளரில் ஆஸ்பத்திரிக் கல் ஒன்றைப் போட்டாள். டக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது. மற்றதில் சீசாவிலிருந்து மூன்று பச்சை உருண்டைகளைப் போட்டாள். மிதந்தன. காத்திருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மூத்தார் உதட்டைச் சுழித்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு உருண்டைகளின் ஓரம் இளகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் பச்சை எண்ணெய்ப் படலம்தான் மிச்சம் இருந்தது. பக்கத்து டம்ளரில் கல் அசையாமல் கிடந்தது.

"இது என் வயித்தில இருந்தது. அது நீங்க எனக்குக் குடிக்கக் கொடுத்தது. நான் செத்திருந்தா என் போட்டோவையும் ஃப்ரிட்ஜில வெச்சிருப்பீங்களா?"

மூத்தாரின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "கல்லு வந்துச்சு! வந்த பிறகு முட்டையும் வெண்ணெயும் தின்னு புதுசா வளர்த்துக்கிட்டே! உன் நாக்குக்கு வந்த நோய் இது. வெளிய போ. என் கடையில நிக்காதே."

"நான் நிக்க வரலை. இனிமே யாரையும் என் படியேத்தி அனுப்பாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

காத்திருந்தவர்களில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர், "அப்ப மூட்டு வலிக்குக் கொடுக்கிற எண்ணெய் சரிதானுங்களே?" என்று பொதுவாகக் கேட்டார். அவர் இரண்டு புட்டி வாங்கிக்கொண்டுதான் போனார். மூத்தார் அதற்குப் பிறகும் கடையை நடத்தினார். சீசா மட்டும் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பவில்லை. அடுத்த மாதமே மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தம்பியும் மறுபேச்சுப் பேசாமல் சாமான்களை வேனில் ஏற்றினான். அண்ணன் தம்பி உறவு அதோடு அறுந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கடையை விட்டு வெளியே வந்தவள் மாடி ஏறவில்லை. வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரி பாதியாக இளைத்திருந்தாள். கத்திரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கக்கா. நான் ரெண்டு தடவை குடிச்சாச்சு. முதல்ல இருபது, அப்புறம் இருபத்தாறு. ஆனா போன வாரம் திரும்ப வலி வந்துச்சு. மூணாவது தடவை குடிச்சாத்தான் வேர்ல இருக்கிறது வரும்னு சொல்றார். உங்களுக்கும் அப்படியா?"

கத்திரி சுற்றி வளைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள், குழாய், ஆபரேஷன், சுடுதண்ணீர். டப்பாவைத் திறந்து காட்டினாள். கடைக்காரி கற்களைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள். மெஷினில் தாள் தீர்ந்து சிவப்பு விளக்கு மின்னியது. அதையும் கவனிக்கவில்லை.

"அந்த வியாழக்கிழமை நான் போயிருக்கணும்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"துணி மூட்டைகூடக் கட்டி வெச்சிருந்தேன். தங்கச்சியை ஊர்லேர்ந்து வரவழைச்சிருந்தேன். நீங்க சொன்னீங்கன்னுதான் எல்லாத்தையும் ரத்து பண்ணேன். அவர் சொல்லிக் கேட்கலை நான். அவர் வியாபாரி, அப்படித்தான் சொல்வாரு. நீங்க சொன்னீங்கன்னு கேட்டேன்."

"தெரியும். தப்புப் பண்ணிட்டேன்."

"தப்பா? நீங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைச்சு வந்துட்டீங்க. வண்டியோட புருஷன் இருக்கார். எனக்கு யார் இருக்கா? இந்த மெஷின் என்னைத் தூக்கிட்டுப் போகுமா?" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தாள். "வெளிய போங்க. இனி இந்தப் பக்கமே தலை காட்டாதீங்க."

யார் ஒரு சொல் சொன்னாலும் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற கத்திரி, தலை குனிந்தபடி படி இறங்கினாள்.

மறுநாளும் போனாள். கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கினாள். அதற்கு அடுத்த நாள் போனபோது ஒரு வாடிக்கையாளரின் முன்னாலேயே, "இவங்கதான், என்னைக் கொல்லப் பார்த்தவங்க" என்று அறிமுகம் செய்துவைத்தாள். கத்திரி ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டரம்மாவின் சீட்டை மேசைமேல் வைத்தாள். செவ்வாய் காலை ஒன்பது மணி, வெறும் வயிறு, ஸ்கேன்.

"நான் வரமாட்டேன்."

"சரி."

"உங்க கூட ஒரு வண்டியில ஏறமாட்டேன்."

"சரி. ஒன்பதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்."

இடையில் தொழிற்சாலைக்கும் போய்ப் பார்த்தாள். மேனேஜர் சொன்னதைச் செய்திருந்தார். வெட்டு மேசையில் ஓர் இளந்தாரி நின்றான். வெட்டிய துணித் துண்டுகளை எண்ணிக் கட்டுகிற பகுதிக்கு அவளை மாற்றியிருந்தார்கள். "பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரே எழுதியிருக்காரே, உன் நல்லதுக்குத்தான்" என்றார் மேனேஜர். டாக்டரம்மா இந்தத் தடவை சொன்ன ஆறு வாரம் கழிந்ததும் சீட்டோடு வந்து இதே மேசையைக் கேட்பேன், கொடுக்காவிட்டால் தொழிலாளர் அதிகாரியிடம் போவேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெராக்ஸ் கடைக்காரி வந்தாள். கத்திரியைக் கண்டும் காணாததுபோல் பத்தடி முன்னால் நடந்தாள். ஸ்கேன் அறை வாசலில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். நடுவில் ஒரு தடவை வலி எட்டிப் பார்த்தது போலிருக்கிறது, விலாவை அழுத்திக்கொண்டு குனிந்தாள். கத்திரி எழுந்து அருகே போகப் பார்த்தாள். "தொடாதீங்க" என்று பல்லைக் கடித்தாள். கத்திரி திரும்ப உட்கார்ந்தாள்.

நர்ஸ் கூப்பிட்டாள். கடைக்காரி எழுந்தாள், இரண்டடி வைத்தாள், நின்றாள். கையில் இருந்த பையை எங்கே வைப்பது என்று சுற்றும் பார்த்தாள். கடைசியில் அதைக் கத்திரியின் மடியில் பொத்தென்று போட்டாள்.

"பிடிங்க. எங்கயும் போயிடாதீங்க."

"போகமாட்டேன்."

"வெளிய வந்து இன்னும் உங்களைத் திட்டணும். பாதிகூடத் திட்டி முடிக்கலை."

"இங்கதான் இருப்பேன்" என்றாள் கத்திரி. கதவு மூடிக்கொண்டது.